அவர் திருப்பித்தான் போட்டார்

வத்தல்மலையில் அன்று காலை அவர் இல்லாத நேரத்தில் கேமராவிலிருந்து ஃபிலிம் ஹோல்டரை வெளியே எடுத்தவன் நான். திரும்பச் செருகும்போது பக்கம் மாற்றிச் செருகியவனும் நான். மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் வாயைத் திறக்காமல் நின்றவனும் நானேதான். அதனால் ஒரு படம் கெட்டது. படம் கெட்டதோடு போயிருந்தால் இந்த வயதில் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தர்மபுரியில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர். கட்டுப் போட வருகிறவர்கள் எக்ஸ்ரேம்மா என்பார்கள். நான் மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது மலைகளைப் படம் எடுக்கும் பைத்தியம் ஒன்றுதான்.

முதல் பேச்சே என் படத்தைப் பற்றியதுதான். ஒகேனக்கல் பாறைகளை நான் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கி அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கொடுத்திருந்தேன். வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். என் மனைவியின் முழங்காலைக் காட்டப் போன அன்று அவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது நீங்க எடுத்ததுங்களா சார்? மேல எல்லாம் அவ்ளோ தெளிவா இருக்குது. கீழ இந்தப் பாறை மட்டும் மங்கலா இருக்குது பாருங்க. ஃப்ரேம் வந்தப்ப கண்ணாடிய நான்தான் தொடச்சேன். சரியாத் தொடைக்கல போல. ஈரம் உள்ள போயிருச்சு. மன்னிச்சுக்குங்க சார்."

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. மங்கியது என் ஃபோகஸ். அருவியைக் கூர்மையாக்கினால் காலடியில் இருக்கும் பாறை மங்கும், பாறையைக் கூர்மையாக்கினால் அருவி மங்கும், அந்த இடத்தில் என் கேமராவால் இரண்டையும் பிடிக்க முடியவில்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் "பரவாயில்லைங்க" என்றேன். அடுத்த முறை போனபோது அவர் அந்தச் சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியைக் கழுவி, மறுபடி மாட்டியிருந்தார். பாறை அப்படியே மங்கலாகத்தான் இருந்தது.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். எது தவறினாலும் முதலில் தன் கையைப் பார்ப்பார். பாலக்கோடு ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்து அவருடைய ஸ்கூட்டியைச் சாய்த்தது. முழங்கையில் ரத்தத்தோடு எழுந்தவர் ஆட்டுக்காரரிடம், "நான்தாங்க ஹாரன் அடிக்கல. ஆட்டுக்கு அடி கிடி பட்டுச்சுங்களா?" என்றார். ஆட்டுக்காரர் சண்டைக்குத் தயாராக வந்தவர். என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டைத் திட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இப்படி எல்லாத்துக்கும் நீங்களே பொறுப்பு எடுத்தா எப்படி மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த ரூம்ல நான் ஒருத்திதான சார் இருக்கேன், வேற யாரைச் சொல்றது?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "தேடறத நம்ம கையில இருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் கெடைச்சிரும் சார். அடுத்தவங்க கையில ஆரம்பிச்சா ஊரு பூரா தேடணும்."

எக்ஸ்ரே தட்டின் மூலையில் ஈயத்தில் செய்த ஓர் எழுத்தை ஒட்டுவார்கள். வலது என்றால் ஒன்று, இடது என்றால் இன்னொன்று. படத்தில் அது வெள்ளையாக விழும். அந்த எழுத்து மாறினால் நல்ல காலைப் பிரித்துவிடுவார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் வலியில் வலது இடது குழம்புவார்கள் என்பதால் அவர் அப்படிக் கேட்கவே மாட்டார். "எந்தக் கையில சோறு திங்கிறீங்க? அதைத் தூக்குங்க" என்பார். தூக்கியதும் எழுத்தை ஒட்டிவிட்டு விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஒட்டியதில் ஒன்றுகூட மாறியதில்லை.

மலைகளைப் படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம் என்று அவர் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் மீடியம் ஃபார்மட். ரோல் ஃபிலிம் போடும் கேமரா, என்னிடம் இருப்பது போன்றது, ஒரு ரோலுக்குப் பத்துப் படம், தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறலாம், காற்றடித்தாலும் எடுக்கலாம். மறுபக்கம் லார்ஜ் ஃபார்மட். மரப்பெட்டியும் துருத்தியுமாக இருப்பது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு தாள் ஃபிலிம், ஸ்டாண்டு இல்லாமல் எடுக்க முடியாது, காற்றில் துருத்தி ஆடும், தலையில் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னால் இருக்கும் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கடைசியில், 'ஆகவே மீடியம் ஃபார்மட்டே உகந்தது' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தேன்.

லார்ஜ் ஃபார்மட்டில் ஒரு வசதி உண்டு. லென்ஸைச் சற்று முன்னால் சாய்த்தால் காலடிப் பாறையும் தொலைவு மலையும் ஒன்றாகக் கூர்மையாகும். என் ஒகேனக்கல் படத்தின் நோய்க்கு அதுதான் மருந்து. அதை மட்டும் எழுதவில்லை.

பெங்களூரில் பழைய கேமரா விற்கும் ஒரு கடைக்குப் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் இரண்டையும் மேஜைமேல் வைத்து, "நோடி, பாருங்க மேடம், இது கல்யாணப் பொண்ணு, இது மாமியாரு" என்றார். மாமியார் என்றது மரப்பெட்டியை. நான் சொன்னதை அவர் வழிமொழிந்ததாக நினைத்துச் சிரித்தேன்.

மேடம் என் பக்கம் பார்க்கவில்லை. பெட்டியை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி, கருப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சார், ஆட்டோ எல்லாம் மேல தொங்குது. மனுசங்க தொங்குறாங்க. ஒருத்தரும் விழல சார்!"

"மேடம், அதுக்கு ஃபிலிம் கெடைக்கறது கஷ்டம்" என்றேன்.

"எங்க ஆஸ்பத்திரில தேதி முடிஞ்ச எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டி பெட்டியா கெடக்குது. இந்த அளவுக்கு வெட்டிக்கலாம். செவப்பு லைட்டுல வெட்டுனா ஒண்ணும் ஆகாது. ரோலுக்கு அது ஆகாது சார், தாளுக்கு ஆகும்." தலையை வெளியே எடுத்தார். முடி கலைந்திருந்தது. "நீங்க எழுதிக் குடுத்தத பத்து தடவை படிச்சேன். நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும். எனக்குத்தான் புத்தி இதுல போகுது."

என் பேச்சைக் கேட்காததற்கும் தன்னையே குறை சொல்லிக்கொண்டு மாமியாரை வாங்கினார்.

அடுத்த சில மாதங்களில் அவர் எடுத்த படங்கள் என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு நெகடிவ். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து சித்தேரி மலையை எடுத்திருந்தார், முன்னால் ஒரு வரப்பின் புல்லும் பின்னால் மலை முகட்டில் நிற்கும் ஒற்றை மரமும் ஒரே தெளிவு. ஆனால் எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நம் செம்மண் அதில் கரியாக விழும்.

"மண்ணை எரிச்சுட்டீங்களே மேடம்" என்று கிண்டல் செய்தேன்.

"ரெண்டு செகண்டு கம்மியா குடுத்துட்டேன் போல சார். என் கணக்குத்தான் தப்பு."

இயற்பியல் படித்தவன் நான். அது அவர் கணக்கின் தவறு இல்லை, ஃபிலிமின் குணம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு மாதமும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வரப்பு இருந்த செம்மண் கொல்லைக்கே போய் இரண்டு செகண்டு, நான்கு செகண்டு, எட்டு செகண்டு என்று கூட்டிக்கூட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வத்தல்மலையில் ஒரு மலைக்காரரின் சாமைக்கொல்லை விளிம்பில் ஒரு பாறை இருக்கிறது. மார்கழியில் சில நாள் மூடுபனி கீழே சமவெளி முழுவதையும் நிரப்பிக்கொண்டு அந்தப் பாறையின் காலடிவரை ஏறிவரும். குன்றுகளின் தலைகள் மட்டும் வெளியே தெரியும். காற்று இருக்கக் கூடாது, வெயில் வருவதற்கு முன் எடுக்க வேண்டும். மூன்று மார்கழி போனார். பனி வந்த நாளில் காற்று வந்தது, காற்று இல்லாத நாளில் பனி வரவில்லை. ஒவ்வொரு முறையும் மலைக்காரர், "நாளைக்கு வந்திருந்தா கெடைச்சிருக்கும் எக்ஸ்ரேம்மா" என்பார். "நான்தாங்க நாள் பாக்காம வந்துட்டேன்" என்று மேடம் பதில் சொல்வார். அது கிடைத்தால் போதும், வேறு படமே எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நான்காவது மார்கழியில் நானும் கூடப் போனேன். அன்று அவர் கேட்டதெல்லாம் கிடைத்தது.

ஹோல்டர் என்பது தட்டையான சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாள் ஃபிலிம். ஒவ்வொரு பக்கத்துக்கும் இழுத்து எடுக்கும் ஒரு மூடி. மூடியின் விளிம்பு ஒருபுறம் வெள்ளை, மறுபுறம் கருப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்காத ஃபிலிம். எடுத்து முடித்ததும் மூடியைத் திருப்பிப் போட்டுக் கருப்பைக் காட்டி வைக்க வேண்டும். அடுத்த படத்துக்கு ஹோல்டரை வெளியே எடுத்து, பக்கம் திருப்பி, மறுபடி செருக வேண்டும். என்னுடைய ரோல் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. ஃபிலிமை நகர்த்தாமல் இரண்டாம் தடவை அமுக்கினால் அது அமுங்காது.

அவர் முதல் படத்தை எடுத்தார். எடுத்தபின் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கருப்பைக் காட்டி மூடியைப் போட்டார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் ஏறியதும் மறுபக்கத்தில் இரண்டாவது எடுக்க வேண்டும். அதற்குள் குடிசையிலிருந்து மலைக்காரர் கூப்பிட்டார்.

"எக்ஸ்ரேம்மா, வரக்காப்பி ஆறுது! வெரசா வா!"

"ரெண்டே நிமிசம் சார். யாரும் பெட்டியத் தொடாம பாத்துக்குங்க. மாடு வந்தா வெரட்டுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாடு வரவில்லை.

அந்தக் கண்ணாடியில் அது எப்படித் தெரிகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. கேட்டிருந்தால் காட்டியிருப்பார். மாமியார் என்று சிரித்த பெட்டியைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஹோல்டரை உருவி எடுத்தேன், லென்ஸைத் திறந்தேன், துணிக்குள் தலையை விட்டேன். மேலே பாறை, அதில் ஒட்டிய பாசியின் ஒவ்வொரு இழையும். கீழே வானம். நடுவில் பனி. அதில் குன்றுகள் தலைகீழாகத் தொங்கின, ஒன்றும் விழவில்லை. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் பொய் என்று எனக்கு அங்கே தெரிந்தது. எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை.

அவர் செருப்புச் சத்தம் கேட்டது. லென்ஸை மூடி ஹோல்டரை அவசரமாகச் செருகினேன். பெட்டி சற்று நகர்ந்தது. அப்போது பார்த்தேன். லென்ஸைப் பார்த்திருக்க வேண்டிய கருப்பு, இப்போது என்னைப் பார்த்திருந்தது.

தெரியாமல் நடந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் நின்றேன்.

அவர் வந்து குனிந்தார். வழக்கம்போல மூடியின் விளிம்பை விரலால் தடவக் கை நீட்டினார். வெள்ளைப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக மேடு இருக்கும், தொட்டாலே தெரிந்துவிடும். நான் தொட்டது வெளிப்பட்டுவிடும்.

"சீக்கிரம் மேடம், வெயில் வந்துருச்சு! பனி எறங்குது!" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். ஹோல்டரை உருவினார், திருப்பினார், செருகினார், மூடியை இழுத்தார், எடுத்தார். நான் திருப்பி வைத்திருந்ததை அவரும் திருப்பியதால், முதல் படத்தின் மேலேயே இரண்டாவது படமும் விழுந்தது. மறுபக்கத்து ஃபிலிம் தொடாமல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து போன் செய்தார்.

"சார், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துருச்சு. குன்று ஒண்ணுகூடத் தெரியல. வெறும் வெள்ளை. மறுபக்கம் அப்படியே இருக்குது. நான் திருப்பவே இல்ல சார். திருப்புன மாதிரியே ஞாபகம் இருக்குது, ஆனா திருப்பல."

"பரவாயில்ல மேடம்" என்றேன். "மனுசங்கதானே. எல்லாருக்கும் வர்றதுதான்."

அவர் தவறை நான் மன்னித்தேன்.

அடுத்த மார்கழிக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். வரவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி பீரோமேல் வைத்துவிட்டதாகச் சொன்னார். என் ரோல் கேமராவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், உறுத்தல்தான் காரணம். வாங்கிக்கொண்டார். "இது என்னை நம்பாது சார். ரெண்டாவது தடவை அமுக்குனா அமுங்காது. எனக்கு இதுதான் சரி. நீங்க மொதல்லயே எழுதிக் குடுத்தீங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்தது கடைசியில் நடந்துவிட்டது. அதில் அவர் எடுத்த படங்கள் எவையும் எனக்கு நினைவில்லை. அவருக்கும் இருக்காது.

கேமராவோடு நின்றிருந்தால் சரி. ஆஸ்பத்திரியில் அவர் ஒரே காலை இரண்டு தடவை எடுக்கிறார் என்று முதலில் கேள்விப்பட்டேன். பிறகு, அடிபடாத காலையும் சேர்த்து எடுக்கிறார் என்றார்கள். "சோறு திங்கிற கையத் தூக்குங்க" என்று கேட்டு, எழுத்தை ஒட்டி, வெளியே போய், திரும்பி வந்து, "சோறு திங்கிற கைதான தூக்கினீங்க?" என்று மறுபடி கேட்பாராம்.

"ஏம்மா, காலையில இருந்து நான் என்ன கையவா மாத்திக்கிட்டேன்?" என்று அரூர்க்காரர் ஒருவர் கத்தியதை வரவேற்பறையில் நானே கேட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கையிலிருந்த ஈய எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் இது?" என்று தனியாகக் கேட்டேன்.

"அந்தப் பெட்டியத் திருப்புனேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன் சார். கை திருப்புன மாதிரியே இருந்துச்சு. ஆனா திருப்பல. அப்ப இத்தனை வருசமா ஒட்டுன எழுத்து? அதையும் சரியா ஒட்டுன மாதிரித்தான இருக்குது?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான், "ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றேன்.

அவர் பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோயாளிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றும் மாறியிருக்கவில்லை. அது அவருக்குத் தைரியம் கொடுக்கவில்லை, இன்னும் பார்க்காதவற்றில்தான் இருக்கும் என்று தோன்றியது. அடுத்த ஆடிக்கு முன் வேலையை விட்டார். போகச் சொன்னவர் யாரும் இல்லை. டாக்டர் இருக்கச் சொல்லித்தான் கெஞ்சினார். "இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். ஆகறதுக்குள்ள வந்துட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏரியூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏழு வருடம் போனது. எனக்குத் தைரியம் தானாக வரவில்லை. போன மாசி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல். புது ஸ்கேன் சென்டர் ஒன்றில் ஒரு பெண், "லெஃப்ட்டா ரைட்டா தாத்தா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள், சொன்னதை ஒட்டினாள், போனைப் பார்த்துக்கொண்டே வெளியே போனாள். படம் சரியாகத்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இருந்த நிம்மதியை நான் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தது. கைக்கட்டோடு மறுநாள் ஏரியூர் பஸ் ஏறினேன்.

வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கொட்டை ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். எடுத்த புளியை மறுபடி பிரித்து, ஒரு கொட்டை தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். தலை பாதி நரைத்திருந்தது.

"வாங்க சார், வாங்க! கையில என்ன கட்டு? வழியில யாருகிட்டயாவது சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. எந்தக் கை, சோத்துக் கையா?"

"மேடம், அன்னைக்கு மலையில நீங்க திருப்பித்தான் போட்டீங்க" என்றேன். வரும் வழியெல்லாம் பாடம் செய்த முன்னுரை மறந்துபோயிருந்தது.

"எதைங்க சார்?"

"ஹோல்டரை. நீங்க காப்பிக்குப் போனப்ப நான் அதை வெளிய எடுத்து, கண்ணாடியில பார்த்தேன். வைக்கும்போது பக்கம் மாத்தி வெச்சுட்டேன். நீங்க வந்து திருப்புனீங்க. அதனாலதான் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சு."

கை நின்றது.

"அப்ப நான் திருப்பினேன்?"

"திருப்புனீங்க."

"நெசமாவா சார்? திருப்பினேனா?"

"என் கண்ணால பார்த்தேன்."

வலது கையை விரித்துப் பார்த்தார். புளி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "ஆனாலும் சார், கலரு பாக்காம விட்டது நான்தான? தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. தப்பு அங்கதான்..." என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "தொடத்தான் போனீங்க மேடம். பனி எறங்குதுன்னு நான்தான் கத்தினேன். நீங்க தொடக் கூடாதுன்னு கத்தினேன். பக்கம் மாறியிருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். இதையும் நீங்க எடுத்துக்காதீங்க. இது என்னோடது."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"போன்ல பரவால்லைன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

"நான் வேலைய விட்டப்ப?"

"தெரியும்."

உள்ளேயிருந்து தம்பி மனைவி குரல் கொடுத்தார். "சாருக்குக் காப்பி கொண்டாரட்டுங்களா அண்ணி?"

வந்தவர்களைச் சோறு தின்னாமல் அனுப்பாதவர் அவர். என்னை நேராகப் பார்த்தார். அத்தனை வருடத்தில் யாரையும் அப்படி அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"வேண்டாம். சாரு கெளம்புறாரு" என்றார். பிறகு என்னிடம், "நாலு மணிக்கு பஸ்ஸு. இப்பப் போனா புடிச்சிரலாம்."

எழுந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது புளியை எடுத்துக்கொண்டிருந்தார். கண் ரோட்டின் மேல் இருந்தது. கை மட்டும் கொட்டையை ஒரு பக்கமும் புளியை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தது.

பத்து நாளில் பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் ஒரு பை வந்தது. என் ரோல் கேமரா. அதோடு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும், மடிப்பில் கிழியும் நிலையில். வேறு ஒரு வரியும் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்யவில்லை.

இந்த மார்கழி முடிந்து, தை பிறந்த வாரம், தர்மபுரி பஸ் நிலையத்தில் அந்த மலைக்காரரைப் பார்த்தேன். சாமை மூட்டையோடு நின்றிருந்தார்.

"எக்ஸ்ரேம்மா வந்திருந்துச்சுங்க சாரு" என்றார். "எத்தனையோ வருசம் கழிச்சு! அதே துணி போத்திக்கிற பெட்டி. ரெண்டு நாளு எங்க வூட்லதான் இருந்துச்சு. மொத நாளு காத்து. ரெண்டாவது நாளு பனி நல்லா ஏறுச்சு."

"எடுத்தாங்களா?"

"எடுத்துச்சு. திருப்பிப் போட்டு இன்னொண்ணும் எடுத்துச்சு. நடுவுல காப்பிக்கு வான்னு கூப்பிட்டா, அத்தனாம் பெரிய பெட்டிய ஸ்டாண்டோட தூக்கிக்கிட்டே வருது! இங்க யாரும்மா எடுக்கப் போறாங்கன்னு சிரிச்சேன். அந்தச் சாரு வரலீங்களாம்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

மலைக்காரர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அவரு பெட்டியத் தொடுவாருன்னுச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தொட்டீங்களா சாரு?"

"தொட்டேன்" என்றேன்.